நிலம் தாங்குமா? உமர் (ரலி) அவர்கள் கேட்ட ஒரு கேள்வியின் வரலாறு

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டின் கடைசி மாதம், கி.பி. 644. மதீனாவில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் அதிகாரிகள் இருவரிடம் நின்று வினவுகிறார்கள். ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி), உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) என்னும் அவ்விருவரும் இராக்கின் விளைநிலங்களை அளந்து வரி விதிப்பதற்காக அனுப்பப்பட்டவர்கள். கருவூலத்துக்கு வந்து சேர்ந்த தொகை எவ்வளவு என்று கலீஃபா கேட்கவில்லை. நிலத்தால் தாங்கவியலாத சுமையை அதன்மேல் ஏற்றிவிட்டோமோ என்ற அச்சம் உங்களுக்கு உண்டா என்று கேட்டார்கள். நிலம் தாங்கும் அளவே விதித்திருக்கிறோம், அதில் பெரிய மிகுதி எதுவும் இல்லை என்று அவர்கள் பதிலளித்தனர். கலீஃபாவுக்கு அப்பதில் போதவில்லை. மீண்டும் பாருங்கள், தாங்காத சுமையாக அது இருந்துவிடக் கூடாது என்றார்கள். இல்லை என்று இருவரும் உறுதி கூறினர். அல்லாஹ் தம்மை நலமாக வைத்தால், இராக்கின் விதவைகள் தமக்குப் பின் எந்த ஆடவரின் கையையும் எதிர்பார்க்க வேண்டாத நிலையில் அவர்களை விட்டுச் செல்லப்போவதாக உமர் (ரலி) அவர்கள் அப்போது கூறினார்கள். நான்கு நாட்கள் கழிந்தன. கலீஃபா கத்தியால் குத்தப்பட்டார்கள்.

அம்ர் இப்னு மைமூன் (ரஹ்) அறிவித்து ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியை, உமர் (ரலி) அவர்களின் ஷஹாதத் வரலாற்றுக்கு ஒரு முன்னுரையாகவே நாம் பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். பயான்களில் அந்தக் கேள்வி ஒரு நொடியில் கடந்து போய்விடும். இக்கட்டுரையில் அந்தக் கேள்வியின் அருகிலேயே சற்று நிற்க விரும்புகிறோம்.

ஓர் அரசாணையோ ஒரு திட்டமோ மனிதர்களின் உரிமைகளை எவ்வாறு தொடுகிறது என்பதை ஆராயும் பணிக்கு இன்று மனித உரிமைத் தாக்க மதிப்பீடு என்று பெயரிட்டிருக்கிறார்கள். வணிகமும் மனித உரிமைகளும் பற்றி ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2011இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் அப்பணியை நிறுவனங்களின் கடமைகளுள் ஒன்றாக வைத்தன. நம் நாட்டில், 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தின் விலையைப் பற்றிப் பேசிற்று. அந்நிலத்தை நம்பியிருந்த குத்தகைக்காரரும் கூலியாளும் மேய்ப்பரும் என்ன ஆவார்கள் என்று ஆராயும் கடமையை அது அரசுக்கு விதிக்கவில்லை. சமூகத் தாக்க மதிப்பீடு என்ற பெயரில் அக்கடமை 2013ஆம் ஆண்டின் சட்டத்தில்தான் வந்தது. இடையில் கழிந்தவை 119 ஆண்டுகள்.

இவையெல்லாம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தன என்று மார்தட்டுவது நம் நோக்கம் இல்லை. அப்படி எழுதப்படும் கட்டுரைகள் வரலாற்றுக்கும் நன்மை செய்வதில்லை, மார்க்கத்துக்கும் நன்மை செய்வதில்லை. ஏழாம் நூற்றாண்டின் மதீனாவில் எல்லா மனிதருக்கும் சமமான குடியுரிமை என்ற கருத்து இல்லை. அடிமை முறை இருந்தது. வென்றவர், வெல்லப்பட்டவர் என்ற வேறுபாடு இருந்தது. ஆனால், அதிகாரத்தில் இருந்த ஒருவர் தம் ஆணை போய்ச் சேரும் கடைசி மனிதரை நினைத்து ஆணையைத் திருப்பிப் பார்த்த செய்திகள் நம் நூல்களில் கிடக்கின்றன. அவற்றை உமர் (ரலி) அவர்களின் தக்வாவுக்குச் சான்றாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். ஆட்சி முறையாகவும் வாசிக்கலாம்.

இராக்கின் ஆற்றுச் சமவெளியை அரபிகள் ஸவாத் என்று அழைத்தார்கள். கருமை என்பது அச்சொல்லின் பொருள். பாலையிலிருந்து வருகிறவரின் கண்ணுக்கு அந்தப் பேரீச்சந் தோப்புகளும் வயல்களும் தொலைவில் கருநிறமாகத் தோன்றினவாம். பாரசீகப் படைகள் தோற்று அந்நிலம் முழுவதும் முஸ்லிம்களின் கைக்கு வந்தபோது, போரிட்டவர்கள் அதைத் தங்களுக்குள் பங்கிட்டுத் தருமாறு கேட்டார்கள். கேட்டவர்கள் சாமானியர்கள் அல்லர். பிலால் (ரலி) அவர்களும் ஸுபைர் (ரலி) அவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களது வாதத்துக்கு முன்மாதிரியும் இருந்தது; கைபர் நிலம் பங்கிடப்பட்டிருந்தது. உமர் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். இன்று இருப்பவர்களுக்கே எல்லாவற்றையும் பகிர்ந்துவிட்டால், நாளை வருகிறவர்கள் மண்ணும் அதை உழுகிறவர்களும் ஏற்கெனவே உடைமையாகிப்போனதைக் காண்பார்கள். அநாதைக்கும் விதவைக்கும் என்ன மிஞ்சும் என்பது அவர்களின் கவலை. எல்லைக் காவலுக்கும் படைக்கும் நிலையான வருவாய் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களே அதை வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது முடிவை மட்டுமல்ல, அது எட்டப்பட்ட விதத்தையும்தான். முதலில் முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள். அவர்கள் இரு பிரிவாகப் பிரிந்தார்கள். பிறகு அன்ஸாரிகளுள் பத்துப் பேரை, அவ்ஸிலிருந்து ஐவர், கஸ்ரஜிலிருந்து ஐவர் என அழைத்தார்கள். தாம் அவர்களுள் ஒருவரைப் போன்றவர்தாம் என்றும், தம் விருப்பத்தைப் பின்பற்றுமாறு தாம் கேட்கவில்லை என்றும் சொல்லிப் பேச்சைத் தொடங்கினார்கள். வாதம் சில நாட்கள் நீடித்தது. இறுதியில் அல்ஹஷ்ர் அத்தியாயத்தில் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் அடுத்து, அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களைக் குறிப்பிடும் வசனத்தை அவர்கள் சான்றாக எடுத்துவைத்தார்கள். நிலம் அதை உழுதவர்களிடமே விடப்பட்டது. அவர்கள் கராஜ் என்னும் நிலவரியைச் செலுத்துவது என்று முடிவாயிற்று. இவ்விவரங்களை நமக்குத் தருவது இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜ். அந்நூலுக்கு இக்கட்டுரையின் இறுதியில் திரும்பி வருவோம்.

முடிவு எடுத்தாயிற்று, இனி எவ்வளவு வரி? இங்கே சற்று பின்னோக்கிச் சென்று, அதே மண்ணில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் நடந்ததாக இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்று நூலில் எழுதியிருப்பதைச் சொல்லியாக வேண்டும். பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரூ நிலங்களை அளந்து நிலையான வரி விதிக்க எண்ணி, அவையைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். எல்லோரும் மௌனமாக இருந்தனர். ஒருவர் மட்டும் எழுந்தார். பட்டுப்போகும் கொடிக்கும், காய்ந்துபோகும் பயிருக்கும், வற்றிப்போகும் கால்வாய்க்கும் அழியாத வரியை விதிக்கலாமா என்று கேட்டார். நீ யார் என்று பேரரசர் வினவினார். எழுத்தர்களுள் ஒருவன் என்றார் அவர். அவரை மைக்கூடுகளாலேயே அடித்துக் கொல்லுமாறு ஆணை பிறந்தது. சக எழுத்தர்களே அடித்துக் கொன்றுவிட்டு, பேரரசர் விதித்த வரிக்குத் தாங்கள் உடன்படுவதாகச் சொன்னார்கள். அனூஷிர்வான் என்றும் நீதிமான் என்றும் புகழப்பட்ட அரசர் இவர்தாம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்ததா என்றால், நடந்தது.

உமர் (ரலி) அவர்கள் நில அளவைக்கு ஆள் தேடியபோது, அறிவும் அனுபவமும் உடையவர் என்று தோழர்கள் உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களைப் பரிந்துரைத்தனர். டைக்ரிஸ் ஆற்றுக்கு அப்பால் உள்ள பகுதி ஹுதைஃபா (ரலி) அவர்களிடமும் இப்பால் உள்ளது இவரிடமும் ஒப்படைக்கப்பட்டன. அளந்த பரப்பு 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்று அபூ யூசுஃப் (ரஹ்) பதிவு செய்கிறார்கள். வரி பயிருக்கேற்ப வேறுபட்டது. ஓர் அறிவிப்பின்படி, ஒரு ஜரீப் திராட்சைக்கு 10 திர்ஹம், கோதுமைக்கு 4, பார்லிக்கு 2. வேறு அறிவிப்புகளில் எண்கள் மாறி வருகின்றன. ஜிஸ்யாவும் ஒரே அளவாக இல்லை. வசதிக்கேற்ப ஆண்டுக்கு 48, 24, 12 திர்ஹம் என மூன்று படிகள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இல்லை.

விதித்த பின்னரும் விடவில்லை. ஆண்டுதோறும் இராக்கின் வரிப்பணம் மதீனாவுக்கு வரும்போது, கூஃபாவிலிருந்து பத்துப் பேரும் பஸராவிலிருந்து பத்துப் பேரும் உடன் வருவார்கள். இப்பணம் தூய்மையானது, இதில் ஒரு முஸ்லிமுக்கோ உடன்படிக்கை செய்துகொண்ட பிற மதத்தவருக்கோ அநீதி இழைக்கப்படவில்லை என்று அவர்கள் அல்லாஹ்வின் மீது நான்கு முறை சத்தியம் செய்து சாட்சியளிப்பார்கள். சாட்சி சொன்னவர்கள் வரி செலுத்திய உழவர்களே என்று நூல் கூறவில்லை. அது இம்முறையின் குறை என்றே நமக்குப் படுகிறது.

வரி செலுத்தியவரின் குரல் ஒருமுறை தற்செயலாகக் கலீஃபாவின் காதில் விழுந்தது. ஒரு வாசலருகே பார்வையிழந்த முதியவர் ஒருவர் யாசித்துக்கொண்டிருந்தார். உமர் (ரலி) அவர்கள் அவரது கையைத் தட்டி, வேதக்காரர்களுள் எந்தப் பிரிவினர் என்று விசாரித்தார்கள். யூதர் என்றார். எது உங்களை இந்நிலைக்குத் தள்ளியது என்றதற்கு, ஜிஸ்யாவும் தேவையும் முதுமையும் என்றார் அவர். கலீஃபா அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்ததையும், இளமையில் அவரிடம் வாங்கி உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்ற பொருள்படச் சொன்னதையும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பைத்துல்மால் பொறுப்பாளருக்கு அனுப்பிய செய்தியில், இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனியுங்கள் என்றிருந்தது. இவரைப் போன்றவர்கள் என்ற அந்தச் சொற்றொடரைத்தான் நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். ஒருவருக்குக் கிடைத்த தர்மம் அதனால் ஒரு விதியாக மாறிற்று. அத்தகையோர் அனைவருக்கும் ஜிஸ்யா நீங்கியது.

மதீனாவில் உதவித்தொகைப் பதிவேடான திவான் ஹிஜ்ரி 20ஆம் ஆண்டையொட்டி ஏற்படுத்தப்பட்டது. உணவு தானியமும் தலைக்கு இவ்வளவு என வழங்கப்பட்டது. அந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதைப் பலாதுரீ தம் ஃபுதூஹுல் புல்தானில் சொல்கிறார். உமர் (ரலி) அவர்கள் ஒரு ஜரீப் தானியத்தை மாவாக்கிப் பிசைந்து ரொட்டி சுடச் செய்தார்கள். (நில அளவுக்குள்ள அதே சொல் தானிய அளவுக்கும் வழங்கிற்று.) ரொட்டியை எண்ணெயில் ஊறவைத்து முப்பது பேரை அழைத்து உண்ணச் செய்தார்கள். வயிறு நிறைந்தது. இரவிலும் அதே அளவு சமைத்து அதே சோதனை. ஒரு மனிதருக்கு ஒரு மாதத்துக்கு இரண்டு ஜரீப் போதும் என்று அதன்பிறகே விதிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அடிமைக்கும் அந்த இரண்டு ஜரீப்தான். ஏட்டில் எழுதும் முன் அடுப்பில் வைத்துப் பார்த்த இந்நிர்வாகத்தை நினைக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு புன்னகை வருகிறது.

ஆனால் அவர்களின் ஆணைகள் எல்லாம் முன்கூட்டிச் சோதிக்கப்பட்டவை அல்ல. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று ஒரு விதி இருந்தது. விதி எழுதியவருக்கு அதில் ஒரு தீங்கும் தெரிந்திருக்காது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தனி உணவு வேண்டாம் அல்லவா? இப்னு ஸஃது (ரஹ்) தம் தபகாத்தில் பதிவு செய்துள்ளபடி, ஒருநாள் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் தொழுகைத் திடலில் வந்து தங்கியது. உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் அவர்களுக்குக் காவல் இருந்தனர். ஒரு குழந்தை அழுதது. கலீஃபா போய்த் தாயிடம் குழந்தையைக் கவனிக்கச் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் போனார்கள். இரவின் பிற்பகுதியில் மூன்றாவது முறை சென்றபோது, நீ என்ன தாய் என்று கடிந்துகொண்டார்கள். எதிரில் நிற்பவர் யார் என்றறியாத அப்பெண் சலிப்போடு சொன்னாள்: குழந்தைக்குப் பாலை மறக்கடிக்கப் பார்க்கிறேன், அது மறுக்கிறது. ஏன் என்றார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் கொடுக்கிறார். வயது என்ன? இத்தனை மாதம் என்றாள். அவசரப்படுத்தாதே என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

அன்று ஃபஜ்ருத் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையால் மக்களுக்குச் சரியாக விளங்கவில்லை. ஸலாம் கொடுத்த பிறகு, முஸ்லிம்களின் எத்தனை குழந்தைகளை உமர் கொன்றிருப்பானோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். பால்குடியை நிறுத்த அவசரப்படாதீர்கள், இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே உதவித்தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் அவ்வாறே கடிதம் சென்றது. பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹம், வளர்ந்தால் 200.

ஒரு விதி நல்ல எண்ணத்தோடு பிறந்து, அதை எழுதியவர் கனவிலும் நினையாத இடத்தில், ஒரு தாயின் மடியில் போய்க் காயப்படுத்தியது. எந்த அதிகாரியும் அதைப் பற்றி அறிக்கை அனுப்பவில்லை. அந்தத் தாயும் முறையிட வரவில்லை. விதிக்கு ஏற்பத் தன் குழந்தையை மாற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஏழைகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். மனு கொடுப்பதில்லை, ஒரு வேளை உணவைக் குறைத்துக்கொள்கிறார்கள், பிள்ளையின் படிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். முறையீடு வரவில்லை ஆகையால் பாதிப்பு இல்லை என்று எழுதும் கோப்புகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

(மஹ்ருக்கு உச்சவரம்பு விதிக்க முயன்ற கலீஃபாவை ஒரு பெண்மணி பள்ளிவாசலில் எழுந்து மறுத்த நிகழ்ச்சியை வாசகர்கள் இங்கே எதிர்பார்க்கலாம். அதன் அறிவிப்பாளர் வரிசையில் ஹதீஸ் கலை அறிஞர்கள் குறை கண்டிருப்பதால் அதை நாம் எடுத்துக்கொள்ளவில்லை.)

இனி மேய்ச்சல் நிலம். அறியாமைக் காலத்தில் வலிமை வாய்ந்த தலைவர்கள் நல்ல புல்வெளியைத் தமக்கென்று வளைத்துக்கொள்வார்கள். பிறர் கால்நடை உள்ளே நுழையலாகாது. இதற்கு ஹிமா என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இத்தனியுரிமையை ஒழித்து, அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் உரியதாக, அதாவது பொதுத் தேவைக்காக மட்டுமே ஹிமா இருக்கலாம் என்று ஆக்கினார்கள். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் அரசின் குதிரைகளும் ஒட்டகங்களும் பெருகின. ரபதா, ஷரஃப் ஆகிய இடங்களில் புதிய ஹிமாக்கள் வளைக்கப்பட்டன. இன்றைய சொல்லில், பாதுகாப்புத் துறைக்காக மக்களின் புறம்போக்கு எடுக்கப்பட்டது.

அதன் பொறுப்பாளராக ஹுனை என்னும் தம் பணியாளரை அமர்த்தி அவருக்குக் கலீஃபா தந்த அறிவுரை புகாரீயிலும் முவத்தாவிலும் உள்ளது. மக்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதிக்குள்ளானவரின் பிரார்த்தனைக்கு அஞ்சு என்று தொடங்குகிறது அது. பிறகு செய்தி கூர்மையாகிறது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவரை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே. காரணத்தையும் சொன்னார்கள். அவ்விருவரின் கால்நடைகள் மடிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் இருக்கின்றன. சிறுமந்தைக்காரரின் கால்நடை மடிந்தால் அவர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அமீருல் மூஃமினீனே என்று என் வாசலில் வந்து நிற்பார். அவரைக் கைவிட என்னால் முடியுமா? பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இன்று புல்லும் நீரும் கொடுப்பது எனக்கு எளிது.

பெயர் குறிக்கப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மருள் இருவர். ஒருவர் அடுத்த கலீஃபா. கலீஃபாவின் மதிப்பில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். ஒரே வேலி இருவரை வெவ்வேறு விதமாகத் தாக்கும் என்பதே கணக்கு. எல்லோருக்கும் ஒரே விதி என்று அறிவித்திருந்தால் பார்வைக்கு நீதியாக இருந்திருக்கும், சிறுமந்தை அழிந்திருக்கும்.

அவ்வறிவுரையின் இறுதிப் பகுதி இன்னும் அரிது. தாம் அவர்களுக்கு அநீதி இழைத்துவிட்டதாக அம்மக்கள் நினைக்கிறார்கள் என்று கலீஃபா ஒப்புக்கொள்கிறார்கள். இது அவர்களின் நாடு. அறியாமைக் காலத்தில் இதற்காகப் போரிட்டார்கள், இதிலிருந்தபடியே இஸ்லாத்தை ஏற்றார்கள். இறைவழியில் மக்களை ஏற்றி அனுப்பும் அந்த வாகனப் பிராணிகள் மட்டும் இல்லையென்றால், அவர்களது நாட்டில் ஒரு சாண் நிலத்தைக்கூட வளைத்திருக்க மாட்டேன் என்கிறார்கள். நிலத்தை எடுத்துக்கொண்ட அரசே, இது உங்களுடையதுதான், உங்கள் மனத்தாங்கலில் நியாயம் உண்டு என்று சொல்வதை நாம் அதிகம் கேட்டதில்லை.

ஹிஜ்ரி 17இல் மஸ்ஜிதுந் நபவீ விரிவுபடுத்தப்பட்டபோது நடந்த வழக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளியை அடுத்திருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. விலைக்குத் தாருங்கள், அல்லது மதீனாவில் வேறிடத்தில் வீடு கட்டித் தருகிறோம், அல்லது தர்மமாக விட்டுவிடுங்கள் என்று கலீஃபா மூன்று வழிகளை வைத்தார்கள். மூன்றையும் அவர்கள் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் நடுவர் தீர்ப்புக்குச் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. உரிமையாளரின் மனம் இசையாமல் எடுக்க வழியில்லை. உமர் (ரலி) அவர்கள் பணிந்தார்கள். அதன்பிறகே அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வீட்டை முஸ்லிம்களுக்குத் தர்மமாகக் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்கு இடம் கேட்டும் ஒருவர் இல்லை என்று சொல்ல முடிந்தது. இந்நிகழ்ச்சி சிற்சில வேறுபாடுகளுடன் பல வழிகளில் வந்துள்ளது.

அதிகாரிகளைப் பற்றி விசாரித்த முறையும் இதோடு சேர்ந்ததே. கூஃாவாசிகள் தங்கள் ஆளுநர் ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மீது குறை கூறியபோது, மதீனாவிலிருந்து சென்ற விசாரணையாளர்கள் ஆளுநர் மாளிகையில் அமர்ந்து மக்களை வரவழைக்கவில்லை. கூஃபாவின் பள்ளிவாசல் ஒன்றையும் விடாமல் சென்று அங்கங்கே மக்களிடம் கேட்டார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள், பனூ அப்ஸ் பள்ளியில் மட்டும் ஒருவர் எழுந்து குறை சொன்னார். அக்குறை பொய்யானது என்பதே புகாரீயின் அறிவிப்பிலிருந்து நாம் அறிவது. ஸஃது (ரலி) அவர்கள் பதவியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஆயினும் இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ தாம் அவரை விலக்கவில்லை என்று உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் தெளிவுபடுத்தினார்கள். இப்படி விசாரிப்பதற்கு ஒரு விலை உண்டு. நல்லவரும் சில நேரம் காயப்படுவார்.

இவ்வளவும் சொன்ன நாம், சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. கலீஃபாவைக் குத்திய அபூ லுஃலுஆ, முஃகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களின் பாரசீக அடிமை. தச்சும் கொல்லும் அறிந்த கைவினைஞன். நாள்தோறும் எசமானருக்குச் செலுத்த வேண்டிய தொகை தன்னால் தாங்க முடியாதது என்று அவன் உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. என்னென்ன தொழில் தெரியும் என்று விசாரித்த கலீஃபா, அத்தொழில்களுக்கு அத்தொகை அதிகம் இல்லை என்று பதிலளித்தார்கள். முஃகீராவைச் சந்தித்துச் சுமையைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று உள்ளத்தில் எண்ணியிருந்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அவன் செய்தது கொலை. அதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால், இராக்கின் நிலம் தாங்குமா என்று மறுமுறையும் கேட்ட அதே நாட்களில், மதீனாவில் ஓர் அடிமையின் தோள் தாங்குமா என்ற முறையீடும் வந்திருந்தது என்பதை இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது கடந்து செல்ல முடியவில்லை. நிலத்தை அளக்க இருவர் இருந்தார்கள். அவனது கைகளுக்கும் எசமானர் கேட்ட தொகைக்கும் இடையே அளந்து பார்க்க ஓர் அமைப்பு இருக்கவில்லை. ஒருவரின் ஒரு நேரத்துக் கணிப்பு மட்டுமே இருந்தது.

குத்துண்டு கிடந்தபோது அடுத்த கலீஃபாவுக்கு அவர்கள் செய்த மரண சாசனமும் அதே அம்ர் இப்னு மைமூன் (ரஹ்) அறிவிப்பில் உள்ளது. முஹாஜிர்கள், அன்ஸாரிகள், நகரவாசிகள், நாட்டுப்புற அரபிகள் எனப் பலரையும் குறிப்பிட்டுவிட்டு, இறுதியில் உடன்படிக்கை பெற்ற பிற மதத்தவரிடம் வருகிறார்கள். அவர்களுக்கான வாக்குறுதி நிறைவேற்றப்பட வேண்டும். அவர்களைக் காக்கப் போரிட வேண்டும். சக்திக்கு மீறிய சுமை அவர்கள்மேல் ஏற்றப்படக் கூடாது. தாங்குதல் என்ற பொருளுடைய அந்த அரபுச் சொல், அறிவிப்பின் தொடக்கத்தில் நிலத்துக்கும் முடிவில் மனிதருக்குமாக இருமுறை வருகிறது.

பின்னர் ஆண்டவர்கள் எல்லோரும் அச்சொல்லை நினைவில் வைத்திருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றபின், அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் ரஷீத் நிலவரி பற்றி ஒரு நூல் எழுதித் தருமாறு தலைமைக் காழி அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களைக் கேட்டார். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான அவர்கள் ஹிஜ்ரி 182இல், கி.பி. 798இல் மறைந்தார்கள். அவர்கள் காலத்தில் ஸவாதின் பல நிலங்கள் தரிசாகிக் கிடந்தன. உமர் (ரலி) அவர்கள் விதித்த நிலையான வரியைச் செலுத்த உழவர்களால் இயலவில்லை. ஸஹாபாக்கள் வகுத்த அளவை மாற்றலாமா என்பது ஒரு மார்க்க அறிஞருக்கு எளிய வினா அல்ல.

அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் அதற்கு விடை தேடிச் சென்ற இடம், நாம் முதலில் கண்ட அதே உரையாடல். நிலம் தாங்குமா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டார்களே. தாங்காது என்று அவ்விரு அதிகாரிகளும் சொல்லியிருந்தால் குறைத்திருப்பார்கள் என்பதுதானே அக்கேள்வியின் பொருள்? ஆகவே அந்த அளவு அந்நாளைய நிலத்தின் வலிமையைப் பார்த்து வைக்கப்பட்டது. இன்று தாங்காது என்றால் குறைப்பதே அவர்களைப் பின்பற்றுவதாகும். நிலையான தொகைக்குப் பதிலாக விளைச்சலில் ஒரு பங்கை வரியாகப் பெறும் முறையை அவர்கள் பரிந்துரைத்தார்கள். விளைந்தால் அரசுக்கும் உண்டு, பொய்த்தால் இருவருக்கும் இல்லை. பாரசீக அவையில் அந்த எழுத்தர் உயிரைக் கொடுத்துக் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

அந்நூலில் அவர்கள் இன்னும் கடுமையாகவும் பேசுகிறார்கள். ஒரு வட்டாரத்தின் வரியை மொத்தத் தொகைக்குக் குத்தகை எடுத்து வசூலிக்கும் வழக்கத்தை எதிர்க்கிறார்கள். எடுத்தவர் தம் இலாபத்துக்காக மக்களைப் பிழிந்துவிடுவார், அவருக்கு நிலம் பாழாவதைப் பற்றிக் கவலை இல்லை. வரி பாக்கி வைத்தவர்களை வெயிலில் நிறுத்துவதாகவும், கடுமையாக அடிப்பதாகவும், கழுத்தில் சாடிகளைத் தொங்கவிடுவதாகவும், தொழ முடியாதபடி விலங்கிடுவதாகவும் தமக்குச் செய்தி வந்திருப்பதை எழுதி, இது இஸ்லாத்தில் அருவருக்கத்தக்கது என்று பேரரசரிடமே கூறுகிறார்கள். நேர்மையாளர்களை அனுப்பி வசூலிப்போரின் நடத்தையை விசாரியுங்கள் என்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ நீங்களே அமர்ந்து, அநீதிக்குள்ளானவர்களின் முறையீட்டை நேரில் கேளுங்கள். இரண்டொரு அமர்வுகள் நடந்தால் போதும், செய்தி ஊர்களுக்குப் பரவிவிடும். அநீதி செய்கிறவன், நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று அஞ்சி நிறுத்திக்கொள்வான்.